பள்ளியில் கண் பரிசோதனை: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே கண் பரிசோதனை செய்யப்படுகிறது. பரிசோதனை முடிந்த அன்று மாலை, சில குழந்தைகளின் புத்தகப்பையில் ஒரு சிறு பரிந்துரைச் சீட்டு வீட்டுக்கு வந்து சேர்கிறது. குழந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு அதில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வந்த பின்னர் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளியில் நடைபெறுவது முதல் கட்டச் சலிப்பு மட்டுமே. குழந்தையின் பார்வை திருந்துவது, அதன்பின் பெற்றோர் மேற்கொள்ளும் மூன்று செயல்களைப் பொறுத்தது: சீட்டு கிடைத்ததும் முழுமையான பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல், தரப்படும் கண்ணாடியை நாள்தோறும் அணியச் செய்தல், குறித்த காலத்தில் மறுபரிசோதனைக்கு வருதல்.

குழந்தை ஏன் தானாகச் சொல்வதில்லை?

"பார்வை தெரியவில்லை என்றால் பிள்ளை சொல்லியிருக்குமே" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். பெரியவர்களுக்குப் பார்வை குறையும்போது, முன்பு தெளிவாகக் கண்டதை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து உணர்கிறார்கள். சிறு வயது முதலே மங்கலாகக் காணும் குழந்தைக்கு அத்தகைய ஒப்பீடு இல்லை. எல்லோருக்கும் கரும்பலகை இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொள்கிறது.

ஒரு கண்ணில் மட்டும் குறைபாடு இருந்தால் நிலைமை இன்னும் மறைவானது. நல்ல கண்ணைக் கொண்டே குழந்தை ஓடும், ஆடும், எழுதும், படிக்கும். மற்றொரு கண் செயல்படவில்லை என்பது, நல்ல கண்ணை மூடிப் பார்க்கும் வரை வீட்டிலும் வகுப்பிலும் எவருக்கும் தெரியாது.

ஆயினும் சில அடையாளங்களை நீங்கள் கவனிக்க முடியும்:

- தொலைக்காட்சிக்கு மிக அருகில் சென்று அமர்தல். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்தல்
- தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது கண்களை இடுக்குதல்
- தலையை ஒரு பக்கம் சாய்த்தோ திருப்பியோ பார்த்தல்
- கரும்பலகையைப் பாராமல் பக்கத்தில் இருப்பவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுதல்
- படித்த பின் தலைவலி, கண்வலி என்று அடிக்கடி சொல்லுதல்
- கண்களை ஓயாமல் கசக்குதல்
- கருவிழி உட்புறமோ வெளிப்புறமோ விலகியிருத்தல்

இவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் பள்ளிப் பரிசோதனை வரும் வரை காத்திருக்க வேண்டாம். "கவனமில்லாத பிள்ளை", "சோம்பேறி" என்று கண்டிக்கப்படும் குழந்தைகளுள் சிலருக்கு உண்மையில் கரும்பலகை தெரிவதில்லை.

பரிசோதனைக்குப் பின்னால் உள்ள திட்டங்கள்

பார்வை இழப்பைக் கட்டுப்படுத்துவதற்கான தேசியத் திட்டம் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டைக் கண்டறிந்து கண்ணாடி வழங்குதல் அதன் பணிகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கண்ணொளி காப்போம் திட்டம், பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து, தேவைப்படுவோருக்கு இலவசமாக மூக்குக் கண்ணாடி வழங்குகிறது. 2013ஆம் ஆண்டு முதல் செயல்படும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கு உடல்நலப் பரிசோதனை செய்யப்படுகிறது. இதற்கான நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடி மையங்களுக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறிமுறை. பரிசோதனை, கண்ணாடி ஆகிய இரண்டிற்கும் நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை.

பரிசோதனை நடைபெறும் முறை

குழந்தையை 6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 20 அடி தொலைவில், நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, பார்வைப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். இத்தகைய பலகையை 1862ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் உருவாக்கினார். எழுத்தறியாத சிறு குழந்தைகளுக்கு, ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு திசைகளிலும் திரும்பியிருக்கும் பலகை பயன்படும். எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நோக்குகின்றனவோ அந்தப் பக்கம் குழந்தை விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணால் படிக்கச் செய்வது இப்பரிசோதனையில் மிக இன்றியமையாதது. விரல்களால் மூடினால் குழந்தை இடுக்கு வழியே பார்த்துவிடக்கூடும். ஆகவே உள்ளங்கையாலோ அட்டையாலோ கண்ணை அழுத்தாமல் மூட வேண்டும். வரிசையில் முன் நிற்பவர் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிக்கும் குழந்தைகளும் உண்டு. இதனாலேயே பார்வைப் பலகையை ஒவ்வொரு குழந்தைக்கும் திருப்பியோ மாற்றியோ காட்டுவது வழக்கம். பரிசோதனைக்கு முதல் நாள், "தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். இது தேர்வு அன்று, யாரும் திட்டமாட்டார்கள்" என்று உங்கள் குழந்தையிடம் சொல்லி அனுப்புங்கள். ஏற்கெனவே கண்ணாடி அணியும் குழந்தையாயின் கண்ணாடியையும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள்.

6/6, 6/12 என்பவற்றின் பொருள்

சீட்டில் இரு கண்களுக்கும் தனித்தனியே இவ்வாறு எண்கள் எழுதப்பட்டிருக்கும். மேலே உள்ள 6 என்பது குழந்தை நின்ற தொலைவு. கீழே உள்ள எண், இயல்பான பார்வை உடையவர் அதே எழுத்தை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்க இயலும் என்பதைக் குறிக்கும். 6/12 என்றால், மற்றவர் 12 மீட்டர் தொலைவில் நின்று படிக்கும் எழுத்தை உங்கள் குழந்தை 6 மீட்டருக்கு நெருங்கி வந்தே படிக்கிறது என்று பொருள். 6/6 என்பது இயல்பான பார்வை. 6/60 என்றால், பலகையின் உச்சியில் உள்ள மிகப்பெரிய எழுத்து மட்டுமே தெரிகிறது என்று பொருள்.

இந்த எண் கண்ணாடியின் 'பவர்' அன்று. பார்வை எவ்வளவு குறைந்துள்ளது என்பதை மட்டுமே இது காட்டும். ஏன் குறைந்தது, எந்தக் கண்ணாடி வேண்டும் என்பவை அடுத்த பரிசோதனையில்தான் தெரியவரும். ஆகவே பள்ளிச் சீட்டை மட்டும் எடுத்துச் சென்று கடையில் கண்ணாடி வாங்கக் கூடாது.

சீட்டு வந்த பின் எங்கே செல்வது?

சீட்டில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். கண் மருத்துவ உதவியாளர் கண்ணாடிக்கான அளவைப் பார்ப்பார். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்பப்படுவீர்கள். அங்குள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையமும் உங்களுக்கு வழிகாட்டும். சென்னையில் 1819ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை குழந்தைகளுக்கான உயர் சிகிச்சையை அளிக்கிறது.

குறிப்பிட்ட நாளில் செல்ல இயலவில்லை எனில் அந்த வாய்ப்பு முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். கூலி வேலையை விட்டு வர முடியாத பெற்றோரின் நிலையை நாங்கள் அறிவோம். தலைமையாசிரியரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கூறி வேறு நாள் கேளுங்கள். பெற்றோர் வர இயலாவிடில் தாத்தா, பாட்டி, சித்தி என வீட்டுப் பெரியவர் எவரேனும் குழந்தையுடன் வரலாம்.

கண்ணில் சொட்டு மருந்து விடுவது எதற்காக?

மருத்துவமனையில் குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். பல பெற்றோர் இதற்கு அஞ்சுகின்றனர். குழந்தைகளின் கண்ணில் பார்வையைக் குவியச் செய்யும் தசை மிகவும் வலுவானது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது அளவெடுத்தால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோலவோ, இருக்கும் தூரப்பார்வை இல்லாததுபோலவோ காட்டிவிடும். அத்தசையைத் தற்காலிகமாக ஓய்வுறச் செய்வதற்கே மருந்து விடப்படுகிறது. அதே நேரத்தில் கண்பாவை விரிவதால், கண்ணின் உட்பகுதியையும் மருத்துவர் பார்க்க முடிகிறது.

மருந்து விட்ட பின் வெளிச்சம் கூசும். அருகில் உள்ள எழுத்து மங்கும். இது பயன்படுத்திய மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ நீடிக்கும். அட்ரோபின் மருந்தாயின் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். பின்னர் பார்வை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். எனவே தேர்வு நாள்களுக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்து வேறு நாளைக் கேட்டுப் பெறுங்கள். அட்ரோபின் களிம்பை வீட்டில் இடுமாறு கொடுத்திருந்தால், சொன்ன அளவுக்கு மேல் இட வேண்டாம். குழந்தைக்கு முகம் சிவத்தல், காய்ச்சல், வாய் உலர்தல் தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள்.

பெரும்பாலும் கண்டறியப்படும் குறைபாடுகள்

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் உடையது. வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் ஆகும். இவ்வளர்ச்சியில் ஏற்படும் சிறு வேறுபாடே பெரும்பாலான பார்வைப் பிழைகளுக்குக் காரணம்.

கிட்டப்பார்வை: கண் தேவைக்கு மேல் நீண்டுவிடுவதால், காட்சி விழித்திரைக்கு முன்னரே குவிகிறது. அருகில் உள்ளவை தெரியும். கரும்பலகையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் மங்கும். கண்ணாடிச் சீட்டில் இதற்குக் கழித்தல் குறி இருக்கும். பள்ளிப் பருவத்தில் இது கூடிக்கொண்டே செல்லும் இயல்புடையது. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பின் குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி.

தூரப்பார்வை: கண் நீளம் குறைவாக இருப்பதால் வருவது. கண்ணாடிச் சீட்டில் கூட்டல் குறி இருக்கும். சிறு குழந்தைகள் கண் தசையை வருத்தி இக்குறையை ஈடுசெய்துவிடுவதால், பள்ளிப் பலகையை முழுவதும் படித்துவிடவும் கூடும். தலைவலி, படிப்பில் சலிப்பு, உட்புற மாறுகண் ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

பார்வைச் சிதறல்: கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாமையால், எழுத்துகள் ஒரு திசையில் கலங்கித் தெரியும்.

இம்மூன்றுக்கும் கண்ணாடியே முதன்மையான தீர்வு.

சோம்பேறிக் கண்: காலம் தாழ்த்தக் கூடாத நிலை

பார்வை என்பது கண்ணின் வேலை மட்டுமன்று; மூளையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான காலம் குழந்தைப் பருவமே. இந்த உண்மையை ஆய்வுகளால் விளக்கிய டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசெல் ஆகியோருக்கு 1981ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் பெரிதும் வேறுபடுவதாலோ ஒரு கண்ணிலிருந்து தெளிவற்ற காட்சியே தொடர்ந்து வந்தால், மூளை அதனைப் புறக்கணித்துவிடுகிறது. நாளடைவில் சரியான கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணால் தெளிவாகக் காண இயலாமல் போகிறது. இதனையே சோம்பேறிக் கண் என்கிறோம்.

தக்க வயதில் கண்டறிந்தால் இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. முதலில் கண்ணாடி தரப்படும். அதனால் மட்டும் போதிய முன்னேற்றம் ஏற்படாவிடில், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மறைத்து, பலவீனமான கண்ணைப் பழக்க வேண்டும். பொதுவாக மிதமான பாதிப்பிற்கு நாளொன்றுக்கு 2 மணி நேரமும், கடுமையான பாதிப்பிற்கு 6 மணி நேரமும் பரிந்துரைக்கப்படுகின்றன. 7 வயதுக்கு முன் தொடங்கினால் பலன் மிகுதி. அதன்பின் தொடங்கினாலும் பல குழந்தைகளுக்கு ஓரளவு பலன் கிடைக்கிறது. எனினும் வயது கூடக்கூட அந்த வாய்ப்பு குறைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி முகாமில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பரிசோதித்தேன். வலது கண் 6/6. வலது கண்ணை மூடியதும் அவள் தயங்கினாள். இடது கண்ணால் முதல் எழுத்தைத் தவிர வேறொன்றையும் படிக்க இயலவில்லை. வகுப்பில் முதல் ஐவருள் ஒருத்தி அவள். மறுநாள் அவளுடைய தாய் வந்தார். முதல் வகுப்பில் படித்தபோதே இடது கண்ணைக் காட்டுமாறு ஒரு சீட்டு வந்தது என்றும், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், ஊசியில் நூல்கூடக் கோக்கிறாள் என்பதால் அது தவறுதலாக எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துவிட்டதாகவும் கூறினார். அந்தக் கண்ணில் பிறவியிலிருந்தே மிகுதியான தூரப்பார்வை இருந்தது. கண்ணாடியும் மறைப்புச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. ஓராண்டு முயன்ற பின் கூடுதலாக ஒரு வரி மட்டுமே அவளால் படிக்க முடிந்தது.

இதில் தவறு அந்தத் தாயினுடையது மட்டுமன்று. சீட்டை எழுதிக் கொடுத்த எங்கள் தரப்பில் எவரும் அக்குழந்தை மருத்துவமனைக்குச் சென்றதா என்று பின்னர் விசாரிக்கவில்லை. அதன்பின், நான் பணியாற்றும் இடங்களில் சீட்டு பெற்ற குழந்தைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, வராதவர்களின் பட்டியலைப் பள்ளிக்கு அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உங்கள் பங்குக்கு, சீட்டில் எழுதியிருப்பது உங்கள் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, எதிரே உள்ள நாள்காட்டிப் படத்தை விவரிக்கச் சொல்லுங்கள். பின் மற்றொரு கண்ணை மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை அழுதாலோ, உங்கள் கையைத் தள்ளிவிட்டாலோ, சொல்லத் தடுமாறினாலோ, திறந்திருக்கும் கண்ணில் குறைபாடு இருக்கலாம். பள்ளியில் சேரும் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடி குறித்த ஐயங்கள்

"கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே?"
கண்ணாடியால் பவர் கூடுவதில்லை. உடல் வளரும் பருவத்தில் கண்ணும் நீள்வதால் கிட்டப்பார்வை கூடுகிறது. கண்ணாடியைத் தவிர்த்தாலும் அது நிற்காது. குழந்தை மங்கலாகக் காணும் நாள்களே கூடும்.

"பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் கொடுத்தால் கண்ணாடியை விட்டுவிடலாமா?"
கீரை, முருங்கை இலை, பப்பாளி, முட்டை ஆகியவை கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ சத்தை அளிக்கின்றன; மாலைக்கண் நோயைத் தடுக்க உதவுகின்றன. அவற்றைத் தவறாமல் கொடுங்கள். ஆனால் கண்ணின் நீளத்தை உணவால் மாற்ற இயலாது.

"பெண் பிள்ளை ஆயிற்றே, இப்போதே கண்ணாடி எதற்கு?"
இக்கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். திருமண வயதில் ஏற்படக்கூடும் என்று நீங்கள் அஞ்சும் தயக்கத்துக்காக, இன்று அவள் படிக்கும் வகுப்பை இழக்கச் செய்ய வேண்டாம். 18 வயதுக்கு மேல் பவர் நிலைபெற்ற பின், தொடுவில்லை, லேசர் சிகிச்சை ஆகியவை பொருந்துமா என்று மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யலாம். சோம்பேறிக் கண்ணுக்கு அவ்வாறு காத்திருக்க இயலாது.

"படிக்கும்போது மட்டும் போட்டால் போதுமா?"
மருத்துவர் அவ்வாறு கூறியிருந்தால் மட்டும் போதும். சோம்பேறிக் கண், மாறுகண், மிகுந்த பவர் உள்ள குழந்தைகள் காலையில் எழுந்தது முதல் உறங்கச் செல்லும் வரை அணிய வேண்டும்.

"படிப்பில் மாற்றம் தெரியுமா?"
சீனாவின் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கிட்டப்பார்வை உள்ள குழந்தைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்கியபின் அவர்களது கணக்கு மதிப்பெண் உயர்ந்தது கண்டறியப்பட்டது. கண்ணாடி கிடைத்தும் பலர் அதை அணியவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. நம் பள்ளிகளிலும் கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருப்பதை நாங்கள் காண்கிறோம்.

குழந்தை கண்ணாடி அணிய மறுத்தால் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும்: காதோரம் வலிக்கிறது, மூக்கிலிருந்து நழுவுகிறது, வகுப்பில் கேலி செய்கிறார்கள். முதல் இரண்டையும் சட்டகத்தைச் சரிசெய்து தீர்க்கலாம். கேலியை வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். ஆசிரியர் வகுப்பில் சொல்லும் ஒரு சொல்லுக்குப் பெரும் பயன் உண்டு. முதல் சில நாள்கள் தரை ஏற்ற இறக்கமாகத் தெரிவது இயல்பு. இரண்டு வாரங்களுக்குப் பின்னும் தலைவலியோ மங்கலோ இருந்தால் மீண்டும் காட்டுங்கள்.

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காமல், நீரில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். உடைந்துவிட்டால் திட்டுவீர்களோ என்று அஞ்சியே சில குழந்தைகள் அதை அணியாமல் வைத்துவிடுகின்றனர். உடைந்தாலும் தொலைந்தாலும் பள்ளியிலோ கண் மருத்துவ உதவியாளரிடமோ தெரிவித்து, மாற்றுக் கண்ணாடி பெறும் வழியைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையும், பவர் விரைந்து கூடும் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மறுபரிசோதனை தேவை.

சீட்டு வரவில்லை எனில் குறைபாடு இல்லை என்று பொருளா?

உறுதியாக அவ்வாறு கூற இயலாது. பள்ளிப் பரிசோதனை முக்கியமாகத் தொலைவுப் பார்வையையே அளக்கிறது. தூரப்பார்வை சிலவும், தொடக்க நிலை மாறுகண்ணும் தப்பிவிடக்கூடும். பரிசோதனை நாளில் உங்கள் குழந்தை விடுப்பில் இருந்திருக்கலாம். கிட்டப்பார்வை அடுத்த ஆண்டே தோன்றலாம். மேற்கூறிய அடையாளங்கள் இருந்தால், சீட்டு இல்லாமலும் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு நேரடியாகச் செல்லலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், வீட்டில் எவருக்கேனும் மாறுகண்ணோ சிறுவயதிலேயே கண்ணாடியோ உள்ள குழந்தைகள் ஆகியோரைப் பள்ளி வயதுக்கு முன்பே ஒருமுறை காட்டுவது நல்லது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- கண்பாவையில் வெண்மை தெரிதல், அல்லது புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக ஒளிர்தல். இது கண்புரையாகவோ, உயிருக்கு ஆபத்தான கண் புற்றுநோயாகவோ இருக்கலாம்
- திடீரெனத் தோன்றிய மாறுகண், இரட்டைப் பார்வை அல்லது பார்வை இழப்பு
- கடும் வலியுடன் கண் சிவத்தல். கருவிழியில் வெள்ளைப் புள்ளி
- பட்டாசு, குச்சி, பேனா முனை, கவராயம் முதலியவற்றால் ஏற்பட்ட காயம்
- கண்ணில் சுண்ணாம்பு அல்லது வேதிப்பொருள் படுதல். உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிய பின் மருத்துவமனைக்கு விரையுங்கள்
- மாலை மங்கிய பின் குழந்தை தடுமாறுதல்

கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு, இலைச்சாறு எதையும் விடாதீர்கள்; அவற்றால் கடும் தொற்று ஏற்படக்கூடும். கண் அரிப்புக்காக மருந்துக் கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் உண்டாகிப் பார்வை பறிபோகலாம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

நாள்தோறும் பகல் வெளிச்சத்தில் திறந்தவெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தைவான் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல், நாளொன்றுக்கு 120 நிமிடம் மாணவர்களை வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் பள்ளிகளில் நடைமுறையில் உள்ளது. உங்கள் குழந்தையையும் மாலையில் வெளியே விளையாட விடுங்கள். கடும் வெயில் நேரத்தில் மர நிழலில் விளையாடினாலும் பயன் உண்டு.

புத்தகத்தைக் கண்ணிலிருந்து ஒரு முழங்கை நீளத்திலாவது வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தொலைவில் உள்ளதைச் சிறிது நேரம் பார்க்கட்டும். படுத்துக்கொண்டும் இருட்டிலும் கைப்பேசி பார்ப்பதை அனுமதிக்க வேண்டாம். 9 மாதம் முதல் 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழங்கப்படும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறாமல் பெற்றுக் கொடுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் குழந்தையின் புத்தகப்பையைத் திறந்து பாருங்கள். கண் பரிசோதனைச் சீட்டு ஏதேனும் இருந்தால், அது சென்ற ஆண்டுச் சீட்டாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ குழந்தையுடன் வாருங்கள். எங்கே செல்வது என்று தெரியாவிடில் 104 என்னும் இலவச மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.